ஆசிரியர்களும் ஊர்ப் பிள்ளைகளும் ஆடும் பாஸ்கெட் ஆட்டம்: விட்டுக்கொடுக்காமல் ஆடவைப்பது எப்படி?

வாக்வா மிஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில், வாக்வாவில், ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 47. கூடைப்பந்தை இங்கே எல்லோரும் பாஸ்கெட் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் தவணை முடிகிற ஜூலையில் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும், பக்கத்து மைதானத்தில் மாலைதோறும் ஆடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு நட்பு ஆட்டம் நடக்கும். இது மூன்றாவது வருடம். பெற்றோர்கள் தால்பூரியும் கத்தோ பிமாவும் விற்பார்கள். (கத்தோ பிமா நம் பருப்புவடை வகைதான், பச்சைமிளகாய் தூக்கலாக இருக்கும்.) அந்தப் பணம் நூலக அலமாரிக்குப் போகும். ஒரு மாதம் முன்பிருந்தே வகுப்பில் இதே பேச்சுதான்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். பாதி ஆட்டத்தில் 34-க்கு 4. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். நடந்தார்கள். நாங்கள் பந்தை எறியும்போது கையைத் தூக்காமல் ஒதுங்கி நின்றார்கள். ஒருவன் என் கையில் பந்தைக் கொடுத்து, வளையத்தைக் காட்டி, "போடுங்க மிஸ்" என்றான். போட்டேன், விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், அவங்க உங்களுக்கு விட்டுக்கொடுத்தாங்க, இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டுக் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் தினமும் சொல்வது என்ன? தெரியாவிட்டாலும் முயற்சி செய், தப்பாகப் போனால் திரும்ப எழுது என்கிறோம். அதே பிள்ளைகளின் கண்முன்னே முயற்சி செய்யாத ஓர் ஆட்டத்தை ஆடிக்காட்டினோம்.

இன்னொன்றும் நடந்தது. 51 வயதுச் சக ஆசிரியர் ஒருவர் சட்டென்று திரும்பி ஓட முதல் அடி எடுத்தார். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருக்கிறது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாருமே இல்லை. குதிகால் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். நான்கு மாதம் அவர் பள்ளிக்கு வரவில்லை. அதனால் இந்த வருடம் பாதிப் பேர் ஆடத் தயங்குகிறார்கள்.

எங்கள் பக்கம் ஒன்பது பேர். ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். 90-களில் ரோஸ் ஹில்லில் கொலேஜ் (இங்கே மேல்நிலைப் பள்ளியை அப்படிச் சொல்வார்கள்) படித்தபோது நான் பள்ளி அணியில் ஆடியிருக்கிறேன். உருது ஆசிரியர் நல்ல உயரம், ஆனால் பந்தைத் தரையில் தட்டியபடி ஓட வராது. இந்தி ஆசிரியை வேகம். மற்றவர்களுக்குப் பந்தே புதிது. எதிரே 16 முதல் 22 வயது வரை உள்ளவர்கள், அவர்களில் இரண்டு பெண்கள். மூன்று பேர் ஆறாம் வகுப்பு வரை என்னிடம் தமிழ் படித்தவர்கள். இப்போது வழியில் பார்த்தால் "போன்ஜூர் மிஸ்" என்பதோடு சரி.

ஆறு வாரம் இருக்கிறது. அணிகளைக் கலந்துவிடலாமா? விதியை மாற்றலாமா? எங்கள் உடம்பை எப்படித் தயார்செய்வது? நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. அந்தச் சிறுமி திரும்ப அதே கேள்வியைக் கேட்கும்படி ஆகக் கூடாது.

பழைய விசில் (போர்ட் லூயி):

தங்கச்சி, பல வருடம் விசில் ஊதியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 90-களில் நீங்கள் ஆடியதற்கும் இப்போது அந்தப் பிள்ளைகள் ஆடுவதற்கும் நடுவே விதிப்புத்தகம் நிறைய மாறிவிட்டது. அன்று இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. 2000-இல்தான் பத்து நிமிடக் கால்பகுதி நான்கு என்று ஆனது. பந்தை வைத்துக்கொள்ள இருந்த 30 விநாடியும் அதே வருடம் 24 ஆனது. வளையத்துக்குக் கீழே விரிந்துகொண்டே போகும் சரிவகக் கட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 2010-இல் அதைச் செவ்வகமாக்கி, மூன்று புள்ளிக் கோட்டையும் 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளினார்கள். பழைய மைதானங்களில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். எது செல்லும் என்று ஆட்டத்துக்கு முன்பே சாக்குக்கட்டியால் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் நடுவில் நின்று வாய்ச்சண்டையாகிவிடும்.

அடுத்தது காலடி. இந்த ஒரு விஷயத்தில்தான் பழையவர்களுக்கும் இளையவர்களுக்கும் மனக்கசப்பு வரும். ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்க்கும்போது தரையில் இருக்கிற காலை இப்போது கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். 2017-இல் வந்த மாற்றம். நம் கண்ணுக்கு அது மூன்று அடியாகத் தெரியும். "ட்ராவல், ட்ராவல்" என்று உங்கள் ஆசிரியர்கள் கத்துவார்கள், அந்தப் பிள்ளைகள் ஒன்றும் தப்பாகச் செய்திருக்க மாட்டார்கள்.

பந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அன்று ஆடியது ஆண்கள் ஆடுகிற அதே 7-ஆம் எண் பந்து. 2004-க்குப் பிறகுதான் பெண்கள் ஆட்டத்துக்கு 6-ஆம் எண் வந்தது. சுற்றளவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு, எடையும் குறைவு. விரல் அகலாதவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. உங்கள் ஆட்டம் ஆண்களும் பெண்களும் சேர்ந்தது, ஆகவே 6-ஆம் எண்ணே எடுங்கள். மூன்று பேர் ஆட்டத்திலும், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததே, அதிலும் ஆண் பெண் இருவருக்கும் 6-ஆம் எண் அளவில்தான் பந்து. எடை மட்டும் 7-க்கு உரியது. அதனால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இழுக்கில்லை.

வளையத்தையும் அளந்து பாருங்கள். 3.05 மீட்டர் இருக்க வேண்டும். தரைமேல் புதுப் பூச்சுப் போட்ட மைதானங்களில் வளையம் தாழ்ந்து போயிருக்கும்.

இப்போது சலுகைக்கு வருகிறேன். போன வருடம் அந்தப் பிள்ளைகள் செய்ததும் சலுகைதான். நடு ஆட்டத்தில், யாரிடமும் சொல்லாமல், பரிதாபப்பட்டுக் கொடுத்தார்கள். அதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. சலுகையை முன்கூட்டியே விதியாக எழுதி எல்லோர் முன்னும் படியுங்கள். என் யோசனை இது: ஆசிரியர்களுக்கு 24 விநாடி, அவர்களுக்கு 12. பன்னிரண்டு விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்றால் எவ்வளவு நல்ல அணியும் திணறும், ஆனால் முழு வேகத்தில்தான் ஆடியாக வேண்டும். மெதுவாக நடக்க வழியே கிடையாது. விநாடிக் கடிகாரம் இல்லையே என்று யோசிக்காதீர்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து உரக்க எண்ணச் சொல்லுங்கள்.

நேரம் எட்டு நிமிடக் கால்பகுதி நான்கு போதும், கடிகாரம் நிற்காமல் ஓடட்டும். ஆள் மாற்றுவதற்குக் கணக்கு வைக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பேரை உட்காரவையுங்கள்.

தடுப்பில் ஆளுக்கு ஆள் பிடிக்க வேண்டாம், கால் தாங்காது. முன்னே இருவர், பின்னே மூவர் என்று இடம் பிரித்து நில்லுங்கள். அந்த முறை காலை விட வாயை நம்பித்தான் நிற்கும். பின்னால் நிற்பவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்குள் நாலைந்து சொல் வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சொல்லாக.

கணுக்கால் (ரோஸ் ஹில்):

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் சக ஆசிரியருக்கு அறுந்தது நரம்பில்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கிற தசைநாண். யாரோ உதைத்தது போல் இருந்தது என்று அவர் சொன்னாரே, என்னிடம் வருகிறவர்களும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, எப்போதாவது ஆடுகிற ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஓட எடுக்கிற முதல் அடியிலோ எம்புகிற நொடியிலோ அறுகிறது.

ஆறு வாரம் என்பது நல்ல அவகாசம், வீணாக்கிவிடாதீர்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மேலே தூக்கி, மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். இறக்குவது மெதுவாக இருப்பதுதான் முக்கியம். பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள், கணுக்கால் பிசகாமல் இருக்க அதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரியாது. பாஸ்கெட்டில் அதிகம் அடிபடுவதே கணுக்கால்தான், பெரும்பாலும் இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவதால். அதனால் எம்பி இறங்கவும் பழக வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து, முட்டி மடிந்து, சத்தமில்லாமல்.

குதிகாலுக்குப் பின்னால் காலையில் எழுந்ததும் வலி இருக்கிறவர்கள் இந்த வருடம் மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதட்டும். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆண்டிபயாடிக் சாப்பிட்டவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்க வேண்டாம். அந்த வகை மருந்து தசைநாணைப் பலவீனமாக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

காலணி: நடைப்பயிற்சிக்குப் போடுகிற தடித்த மெத்தை ஷூ இதற்கு ஆகாது. நேராக ஓடுவதற்காகச் செய்தது அது, பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்த்துவிடும்.

நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. ஒன்பது பேரில் ஒருவருக்காவது இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்கள் தனியாகக் கேளுங்கள். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர் ஆட்டத்துக்கு முன் ஊசி குத்திப் பார்க்க வேண்டும். 5 mmol/L-க்குக் கீழே (mg/dL கணக்கில் 90-க்குக் கீழே) இருந்தால் ஒரு வாழைப்பழமோ பழச்சாறோ எடுத்துக்கொண்டு, ஏறிய பிறகு ஆடட்டும். நெஞ்சில் பாரம், தாடை வலி, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு என்று யார் சொன்னாலும் ஆட்டத்தை நிறுத்தி 114-ஐ அழையுங்கள். சாமு வண்டி (ஆம்புலன்ஸ்) மைதானத்துக்குள் வருகிற வழியில் கார் நிறுத்தவிடாதீர்கள்.

வாக்வாவில் ஜூலை மாதம் குளிரும் தூறலும். கால் மணி நேரமாவது உடம்பைச் சூடாக்காமல் யாரையும் ஓடவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (ரோஸ் பெல்):

அணிகளைக் கலந்துவிடுங்கள் அம்மா. இரண்டு பக்கமும் பாதி ஆசிரியர், பாதி இளைஞர். புள்ளி இடைவெளி வராது, யாருக்கும் மனவருத்தமும் வராது. நாங்கள் வாலிபாலில் அப்படித்தான் செய்தோம்.

மைதான விளக்கு (மஹேபூர்):

மிஸ், எனக்கு 23 வயது. நான் அந்தப் பக்கத்து ஆள். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஆட்டம் நடக்கும், நான் இளைஞர் அணியில் ஆடுகிறேன். தலைமையாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. கலந்தால் பந்து எங்களுக்குள்ளேயேதான் சுற்றும். ஆசிரியர்கள் ஓரமாக நிற்பார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கஷ்டத்தை யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் பந்தோடு முன்னால் வருகிறார். நான் எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம்? கையை எங்கே வைக்கலாம்? உடம்பு பட்டால் மரியாதைக் குறைவா? இரண்டு வருடம் முன்பு என் பழைய மிஸ் எறிந்த பந்தை எம்பித் தட்டிவிட்டேன். நல்ல தடுப்பு, ஃபௌல் இல்லை. மைதானமே அமைதியாகிவிட்டது. அம்மா வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பிறகு அந்த ஆட்டம் முழுக்க என் கை மேலே எழும்பவில்லை. வேண்டுமென்று விட்டுக்கொடுக்கவில்லை மிஸ். எழும்பவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆட்டத்தன்று மைக்கில், பெற்றோர் எல்லோரும் கேட்கிற மாதிரி, "எங்களைத் தடுக்கச் சொல்லி நாங்கள்தான் கேட்டிருக்கிறோம்" என்று நீங்களே சொல்லுங்கள். அனுமதி உங்கள் வாயிலிருந்து வர வேண்டும், நடுவர் சொன்னால் போதாது. இரண்டாவது, அதற்கு முன்பே நாலைந்து சாயங்காலம் மைதானத்துக்கு வந்து எங்களோடு ஆடுங்கள். எங்களிடம் கேளுங்கள். ஒரு தடவைகூட யாரும் எங்களிடம் வந்து "இது எப்படி?" என்று கேட்டதில்லை. கேட்டால் நாங்கள் இருட்டும் வரை நின்று சொல்லித்தருவோம்.

ரங்கூன் தமிழன்:

டீச்சர், எங்கள் ஊரில் சின்லோன் என்று ஓர் ஆட்டம் உண்டு. பிரம்பில் பின்னிய பந்து, ஆறு பேர் வட்டமாக நின்று தரையில் விழாமல் காலாலும் முட்டியாலும் தட்டுவார்கள். எதிரணியே கிடையாது. 2013-இல் இங்கே தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகள் நடந்தபோது அதையும் சேர்த்திருந்தார்கள். நம் தமிழ்ப் பையன்களும் தெருவில் ஆடுவார்கள். அதைப் பார்த்துப் பழகியதால் தோன்றுகிறது: ஆட்டத்தில் கலக்க வேண்டாம், உடம்பைச் சூடாக்குகிற அந்தக் கால் மணி நேரத்தில் கலந்து நில்லுங்கள். ஆசிரியர் ஒருவர், இளைஞர் ஒருவர் என்று வட்டமாக நின்று பந்தை மாற்றிக்கொண்டால் அந்தத் தயக்கம் கொஞ்சம் கரையும்.

வாக்வா மிஸ் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக மஹேபூர் தம்பிக்கு. நீங்கள் எழுதியதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தேன். யாரும் பேசவில்லை. மறுநாளே ஆறு பேர் ஷூவோடு வந்தார்கள்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் மைதானத்துக்குப் போகிறோம். முதல் நாள் போய் நின்றபோது அந்தப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்தை எங்களுக்கு விட்டு வெளியே போகப் பார்த்தார்கள். "போகாதீங்க, கத்துக்க வந்திருக்கோம்" என்றேன். கொலேஜ் அணியில் ஆடுகிற ஒரு பெண்தான் முதலில் வந்து, என் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளி, மணிக்கட்டை மடித்துக் காட்டினாள். முப்பது வருடமாக முழங்கை வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

பெரியவர் சொன்ன 6-ஆம் எண் பந்து வாங்கிவிட்டோம். தடுப்புக்குச் சொற்களும் வைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் பொது மொழி க்ரியோல்தான், ஆனால் க்ரியோலில் கத்தினால் எதிரணிக்கும் புரியுமே. அதனால் தமிழில் வைத்தோம். வலம், இடம், நடு, முன்னால், பின்னால். உருது ஆசிரியரும் இந்தி ஆசிரியையும் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே க்ரியோலில் கறிவேப்பிலைக்குக் கரிபுலே, ரசத்துக்கு ரசோன் என்று பேசுகிற வாய்தானே. நடுக்கம் எனக்குத்தான் இருந்தது. வகுப்பறைக்கு வெளியே, திறந்த வெளியில், தொண்டை கிழிய நான் தமிழ் பேசி எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கோயிலில் உண்டு. அதைத் தவிர நினைவில்லை.

வாக்வா மிஸ் (ஆட்டம் முடிந்து இரண்டாம் நாள்):

முதலில் கணுக்கால் தம்பிக்கு: யாருக்கும் பெரிய அடி இல்லை. ஒருவருக்குச் சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர் ஒருவரில்லை, இருவர். இருவரும் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடினார்கள்.

காலையில் தூறல். வானிலை நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, அதற்காக வாக்வா மழை யார் சொல்லையும் கேட்பதில்லை. பகல் ஒரு மணிக்குத் தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னியது. பெற்றோர்கள் கோணிப்பை கொண்டுவந்து போட்டு, இரு அணியும் சேர்ந்து மண்டியிட்டுத் துடைத்தோம். இங்கே க்ரியோலிலும் அது கோனிதான். ரங்கூன் அண்ணன் சொன்ன வட்டம் தனியாகத் தேவைப்படவில்லை. ஒரு கோணியை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் போன வருடம் "போடுங்க மிஸ்" என்றவனும் பிடித்து இழுத்தோம்.

மைக்கில் சொன்னேன். "இன்று இவர்கள் எங்களை முழுப் பலத்தோடு தடுப்பார்கள். நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம். யாரும் அவர்களைத் திட்டக் கூடாது." தமிழில் ஒருமுறை, க்ரியோலில் ஒருமுறை. நான்காவது நிமிடத்தில் என் பந்தை அதே பையன் எம்பித் தட்டினான். கூட்டம் ஒரு நொடி மூச்சைப் பிடித்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினேன், அதற்குப் பிறகு அவனும் ஓடினான். இரண்டாம் பாதியில் இன்னொரு முறையும் தட்டினான்.

எண்ணும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பெரியவரே. முதல் கால்பகுதியில் என் தமிழ் வகுப்பு, இரண்டாவதில் இந்தி, மூன்றாவதில் உருது, நான்காவதில் எல்லோரும் சேர்ந்து க்ரியோல். பன்னிரண்டு விநாடி முடிந்து பந்து எங்களுக்கு வந்தது ஒன்பது தடவை. போன வருடம் என்னிடம் கேட்டவள் இப்போது ஆறாம் வகுப்பு. "பத்து, பதினொன்று" என்று வரும்போது எழுந்து நின்றுவிடுவாள்.

உருது ஆசிரியர் பின்வரிசையில் நடுவில் நின்று ஆட்டம் முழுக்கத் தமிழில் கத்தினார். "இடம்! இடம்! நடு!" அவர் இரண்டு கையையும் விரித்து நின்றபோது வளையமே மறைந்தது. பாதி ஆட்டத்தில் 19-க்கு 14. மூன்றாம் கால்பகுதியில் எங்களுக்குக் கால் சோர்ந்துவிட்டது, அங்கேதான் விலகிப்போனார்கள். நான் மூன்று முறை போட்டேன். ஒன்று பலகையில் பட்டு விழுந்தது. முழங்கை உள்ளே இருந்தது.

கடைசி நிமிடம். 39-க்கு 26. பந்து எங்கள் கையில். இந்தி ஆசிரியை வலது ஓரத்தில் மாட்டிக்கொண்டார், இரண்டு பேர் சூழ்ந்துவிட்டார்கள். நான் அவருக்குப் பின்புறம் தனியாக நின்றேன். "பின்னால்! பின்னால்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னுக்கு எறிந்தார். அது என் கைக்கு வரவில்லை. எனக்கு முழங்கை திருத்திய அந்தப் பெண், அவர் எறிவதற்கு முன்பே திரும்பியிருந்தாள். நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு மறுகோடி வரை தனியாகப் போய்ப் போட்டாள். 41-க்கு 26. அதோடு விசில்.

அவள் எப்படித் திரும்பினாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு இப்போது 17 வயது. என்னிடம் படித்த அந்த மூன்று பேரில் ஒருத்தி. ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவள். மூச்சு வாங்க என் பக்கம் வந்து, கையைக் கொடுத்து, எல்லாவற்றையும் க்ரியோலில் பேசிவிட்டு, நடுவில் ஒன்றை மட்டும் தமிழில் சொன்னாள். இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து நான் கேட்கிற கேள்வி, "பூனை எங்கே?" என்பது. அதற்கான பதிலை அந்த வகுப்பு ராகத்திலேயே சொன்னாள்:

"பூனை பானைக்குப் பின்னால், மிஸ்."